எட்டு ஸ்டிக்கரும் ஒரு கழுகும்

ஜூலை 31, திங்கள். மீட்டர்: 6.1

வண்டி வந்துவிட்டது. கறுப்பு. கோபியில் இந்த நிறத்தில் இதுதான் கடைசி வண்டி என்று ஷோரூமில் சொன்னார்கள். எல்லா நிறத்துக்கும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

ஷோரூமிலிருந்து வீடுவரை எங்கள் அலுவலக உதவியாளர் மாரப்பன் ஓட்டிவந்தார். நான் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னேன். எலுமிச்சம்பழம் நசுக்கும்போதும் அவர்தான் வண்டிமேல் இருந்தார். நான் பழத்தைப் பிடித்துக்கொண்டேன்.

நான் முத்திரை ஆய்வாளர். கடைத் தராசு, எடைக்கல், பெட்ரோல் பங்க் குழாய், எதுவானாலும் அளவு சரியா என்று சோதித்து முத்திரை வைப்பது என் உத்தியோகம். எனவே இந்த நாட்குறிப்பில் வண்டியின் மீட்டர் அளவும் எழுதப்படும்.

வண்டி வாங்கிய காரணத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். என் சகலை ஈஸ்வரமூர்த்தி, அதாவது வசந்தாமணியின் தங்கை வீட்டுக்காரர், சத்தியமங்கலத்தில் புது வீடு கட்டியிருக்கிறார். போன மாதம் கிரகப்பிரவேசத்துக்குச் சொல்ல வந்தவர், கூடத்தில் பத்துப் பேர் இருக்கும்போது, "ஏனுங்ணா, உங்களக் கூட்டியார ஆள் அனுப்பட்டுங்களா? பாவம், அக்கா பஸ்ஸுல நின்னுட்டே வரோணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஒருத்தரும் வர வேண்டாம். சொந்த வண்டியில வசந்தாவப் பின்னால உக்கார வெச்சு நானே கூட்டியாரேன்" என்று சொல்லிவிட்டேன். என் வாயா பேசியது என்று எனக்கே சந்தேகம். வசந்தாமணியின் கையிலிருந்த காபித் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

கிரகப்பிரவேசம் செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. இங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்.

எனக்கு உரிமம் இல்லாமல் இல்லை. 1997இல் எடுத்தேன், தவறாமல் புதுப்பித்திருக்கிறேன், இதுவரை ஒரு அபராதம்கூட இல்லை. அதே 1997இல் நடந்த இன்னொரு விஷயத்தை இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய். மீட்டர்: 6.1

"ஏனுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமுங்களா?" என்று வசந்தாமணி கேட்டாள்.

ஆடித் தள்ளுபடியில் வண்டி வாங்கலாம், ஆனால் ஆடியில் ஓட்டக்கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம் என்று விளக்கினேன். இருபத்தாறு வருடமாக இந்தக் குடும்பத்தில் இருந்தும் இப்படி ஒரு வழக்கம் இருப்பது அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. நேற்று மாரப்பன் ஓட்டினாரே என்றாள். அவர் வேறு குடும்பம்.

ஆகஸ்ட் 3, வியாழன். மீட்டர்: 6.1

வண்டியைத் துடைக்கும்போது கவனித்தேன், உடம்பெல்லாம் ஸ்டிக்கர். மட்கார்டு இரண்டிலும் பக்க மூடி இரண்டிலும் டீலரின் பெயரும் போன் நம்பரும். டேங்க்கில் பெட்ரோல் எச்சரிக்கை. செயின் மூடியில் சேலை எச்சரிக்கை. ஹெட்லைட்டுக்கு மேலே 'பரிசோதிக்கப்பட்டது' என்று ஒரு வட்டம். சீட்டுக்குக் கீழே ஒரு பார்கோடு. ஆக எட்டு.

அடுத்தவனுக்கு ஓடும் விளம்பரப் பலகையாக நான் ரோட்டில் போகமாட்டேன். ஸ்டிக்கர் முழுவதும் நீங்கிய பிறகே வண்டி வாசலைத் தாண்டும். இது கொள்கை. வசந்தாமணியிடம் சொன்னேன். "செரிங்க" என்றாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு. மீட்டர்: 6.1

சகலை வந்தார். நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், எனக்கு இன்ப அதிர்ச்சி தருவதற்காக, டேங்க்கின் இடது பக்கம் சிறகு விரித்த கழுகு ஒன்றை ஒட்டிவிட்டார். ஒன்றரை அடி. மஞ்சள் மூக்கு. "வண்டியும் பறக்கும் பாருங்ணா" என்றார்.

ஆக ஒன்பது.

ஆகஸ்ட் 7, திங்கள். மீட்டர்: 6.1

முன் மட்கார்டு ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். மேல்தோல் மட்டும் வந்தது. அடியில் வெள்ளைத் தாளும் பசையும் அப்படியே நிற்கின்றன. முன்னே டீலர் பெயர் இருந்த இடத்தில் இப்போது தேமல்.

ஆகஸ்ட் 9, புதன். மீட்டர்: 6.8

தேமலில் தேங்காய் எண்ணெய் பூசி ஊறவிட்டேன். தாள் போனது. பசை பாதி போனது. எறும்பு வந்தது.

மீட்டர் 0.7 கூடுதலாகக் காட்டுகிறது. முந்தைய அளவை நான் தவறாகப் படித்திருக்கலாம். இருபத்தாறு வருட சர்வீஸில் நான் எதையும் தவறாகப் படித்ததில்லை. இருந்தாலும் படித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 12, சனி. மீட்டர்: 9.4

நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் எந்தப் பசையும் கரையும் என்று மாரப்பன் சொன்னார். ஃபேன்சி ஸ்டோரில் போய்க் கேட்டேன். கடைக்காரப் பெண் என் கைவிரல்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, "என்ன கலருங்க போட்டிருந்தீங்க?" என்றாள். பக்கத்தில் சீப்பு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தார்கள்.

பஞ்சில் நனைத்து இடது பக்க மூடியில் தேய்த்தேன். பசை கரைந்தது. கூடவே பளபளப்பும் கரைந்தது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மங்கிப்போய், கண் தெரியாத ஆள் மாதிரி என்னைப் பார்க்கிறது. வண்டிக்குப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. மனசு உடைந்துவிட்டது. சாப்பிடவில்லை.

மாரப்பனின் யோசனையை இனி எழுத்துமூலமாக மட்டுமே பெறுவேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய், விடுமுறை. மீட்டர்: 14.9

கொடியேற்றிவிட்டு வந்து பார்த்தால், வசந்தாமணி இட்லிக் குண்டானிலிருந்து சுடச்சுட ஒரு துணியை எடுத்துவந்து பின் மட்கார்டு ஸ்டிக்கர்மேல் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம். பிறகு ஓரத்தைப் பழைய பிளாஸ்டிக் ஸ்கேலால் நெம்பி, மேலே தூக்காமல், வண்டியோடு வண்டியாகப் படுக்கவைத்து மெதுவாக இழுத்தாள். முழுசாக வந்தது. மிச்சப் பசையில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு, பழைய பனியன் துணியால் வட்டமாகத் துடைத்தாள். ஷாம்பு தண்ணீரால் கழுவினாள். பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. அந்த இடத்தில் என் முகம் தெரிந்தது. முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இட்லித் துணி எப்படித் தோணிச்சு உனக்கு?"

"சத்துணவுக் கூடத்துல புது எவர்சில்வர் பாத்திரம் வந்தா இப்படித்தானுங்க ஸ்டிக்கர் எடுப்போம்." வசந்தாமணி பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

பன்னிரண்டு மணிக்குள் நான்கு ஸ்டிக்கர் போய்விட்டது. இவ்வளவு வேகம் பெயிண்டுக்கு நல்லதல்ல என்று எச்சரித்தேன். நீலகிரித் தைலப் புட்டியை எடுத்து பீரோவின் மேல் பின்பக்கமாக வைத்தேன். மருந்துப் பொருளைக் கண்ட இடத்தில் வைக்கக்கூடாது.

மீட்டர் விஷயம் கவலை தருகிறது. நின்ற இடத்தில் 14.9.

ஆகஸ்ட் 16, புதன். மீட்டர்: 17.7

பெட்ரோலும் குறைந்திருக்கிறது. ஆவியாகிறது. கூரைத் தகரச் சூடு, டேங்க்கின் கொள்ளளவு, மூடியின் இடுக்கு எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டேன். கணக்குப்படி முப்பது மில்லி குறையலாம். குறைந்திருப்பது கால் லிட்டர். வெயில் அதிகம்.

ஆகஸ்ட் 18, வெள்ளி. மீட்டர்: 23.0

"ஏனுங்க, ஆவணி பொறந்துருச்சுங்க."

இன்னும் மூன்று ஸ்டிக்கர் இருக்கிறது என்றேன். தைலத்தைக் காணோமே என்றாள். நானும் தேடினேன்.

சாப்பிடும்போது வசந்தாமணி, "கிளச்ச விடறப்ப டக்குன்னு உட்டாத்தானுங்க வண்டி குதிக்கும்? மெதுவ்வா உட்டா குதிக்காதுங்களே?" என்று கேட்டாள். அப்படித்தான் என்றேன். ரசம் ஊற்றச் சொன்னேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு. மீட்டர்: 31.6

சீட்டுக்குக் கீழே இருந்த பார்கோடும் செயின் மூடி எச்சரிக்கையும் போயின. தைலப் புட்டி தானாகவே சமையலறை அலமாரிக்குத் திரும்பியிருந்தது. மிச்சம் கழுகு மட்டும்.

கழுகு லேசில் வரவில்லை. சகலையைப் போலவே. இடது சிறகை எடுப்பதற்குள் இட்லித் துணி நாலு தடவை வெந்தது. ஒற்றைச் சிறகோடு பார்க்க, ஓடப் பார்க்கும் கோழி மாதிரி இருக்கிறது. அவசரப்பட வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு உறுப்பு என்று முடிவு செய்தேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய். மீட்டர்: 37.2

இன்று ஒரு சோதனை. முன்சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஃபோர்க்கையும் சேர்த்துத் துணி தைக்கும் நூலால் கட்டி, முடிச்சின்மேல் மெழுகு உருக்கி, என் மோதிரத்தால் முத்திரை வைத்தேன். அரசு முத்திரையைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்துவதில்லை. நூல் அறுபடாமல் சக்கரம் உருளாது.

கழுகு: வலது சிறகு நீக்கம்.

ஆகஸ்ட் 23, புதன். மீட்டர்: 44.0

நூல் அறுபடவில்லை. மெழுகு இருக்கிறது. முடிச்சு மட்டும் நான் போட்டதைவிட அழகாக, பூக்கட்டுகிற முடிச்சு மாதிரி விழுந்திருக்கிறது. மோதிர முத்திரை கொஞ்சம் சிறியதாகத் தெரிகிறது. மெழுகு ஆறினால் சுருங்கும்.

சக்கரம் உருளவில்லை, மீட்டர் ஓடியிருக்கிறது. ஆகவே மீட்டரில்தான் கோளாறு. எடையளவுத் துறையில் இருப்பவன் வீட்டிலேயே பொய் சொல்லும் ஒரு மீட்டர். ஷோரூமுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன்.

வசந்தாமணியின் இடது பாதத்தின் மேற்பக்கம் கறுப்பாகக் கன்றியிருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் குண்டான் இடித்துவிட்டதாம். வலது கால்காரி அவள், இடது காலில் எப்படி இடிக்கும் என்று தெரியவில்லை. மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 26, சனி. மீட்டர்: 61.5

ஷோரூம் மெக்கானிக் வந்தார். கருவி எல்லாம் வைத்து அரை மணி நேரம் பார்த்தார். "மீட்டர் செரியாத்தானுங் சார் இருக்குது. வண்டி ஓடியிருக்குதுங்க" என்றார். பிறகு டயரைப் பார்த்தார். டயரில் செம்மண் இருந்தது. பிறகு டீ கொண்டுவந்த வசந்தாமணியைப் பார்த்தார். வசந்தாமணி "சர்க்கரை போதுமுங்களா?" என்றாள்.

அவருக்கு எடையளவுச் சட்டத்தைப் பற்றிச் சிறிது எடுத்துச் சொன்னேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கழுகு: உடம்பு, வால், கால் நீக்கம். மூக்கு மட்டும் இருக்கிறது. நாளை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு. மீட்டர்: 61.5

மூக்கு நாளை.

ஆகஸ்ட் 28, திங்கள். மீட்டர்: 70.3

சகலை போன் செய்தார். "அண்ணா, ஆள் அனுப்பறதுக்கு இன்னும் டைம் இருக்குதுங்க" என்றார். வேண்டாம் என்றேன். ஆறு நாள் இருக்கிறது. மூக்கை எடுக்கவில்லை. சும்மா கொஞ்ச நேரம் வண்டிமேல் உட்கார்ந்திருந்தேன். சாவி போடவில்லை. அதற்கே சட்டை நனைந்துவிட்டது.

ஆகஸ்ட் 29, செவ்வாய்.

பவானி ரோட்டில் வெல்ல மண்டித் தராசுகளைச் சோதித்துவிட்டு, மாரப்பனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மணி நாலரை. மாரப்பன் முப்பதுக்கு மேல் போகமாட்டார். பின்னாலிருந்து ஒரு ஹாரன், மரியாதையான ஹாரன். ஒரு கறுப்பு வண்டி எங்களை முந்திப் போனது. ஓட்டியவர் சுடிதார், ஹெல்மெட். பின்னால் வசந்தாமணி பள்ளியின் பி.டி. டீச்சர் அருள்ஜோதி, கழுத்தில் விசிலோடு.

டேங்க்கின் இடது பக்கத்தில் ஒரு மஞ்சள் மூக்கு. பக்க மூடியில் ஐந்து ரூபாய் அளவுக்கு ஒரு மங்கல்.

"ஏனுங் சார், அந்தம்மா எத்தன பதவுசா ஓட்டிட்டுப் போறாங்க பாத்தீங்களா!" என்றார் மாரப்பன். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் வண்டி அதனிடத்தில் நிற்கிறது. வசந்தாமணி அவரைக்காய் நறுக்குகிறாள். சைலன்சரைத் தொட்டுப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் கொப்புளித்துவிட்டது.

"நிக்கற வண்டியிலயாங்க சுட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே மருந்து போட்டாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 30, புதன்.

மீட்டர் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 31, வியாழன்.

எழுதாமல் இருந்தால் தூக்கம் வராது போலிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

1997. கல்யாணமாகி ஐந்தாம் நாள். மாமனார் வீட்டில் மறுவிருந்து முடிந்து, மச்சினனின் வண்டியை இரவல் வாங்கி, வசந்தாமணியைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன். உரிமம் எடுத்து ஒரு மாதம். தெருவே வாசலில் நின்று பார்த்தது. கிளச்சை டக்கென்று விட்டேன். வண்டி ஒரு குதி குதித்து ஓடியது. சமாளித்துவிட்டோம் என்று பெருமையாக இருந்தது. அப்போதுதான் வேலை கிடைத்திருந்த சமயம். ஒரு கிலோ எடைக்கல்லில் எத்தனை மில்லிகிராம் வரை பிழை அனுமதிக்கலாம் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டே போனேன். நல்ல பெண், குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வாய்க்கால் பாலத்தில் நிறுத்தி, இறங்கு, இளநீர் குடிக்கலாம் என்று திரும்பினால், சீட்டு காலி.

இரண்டு கிலோமீட்டர். அவள் கிளம்பிய இடத்திலேயே விழுந்திருக்கிறாள். பட்டுச்சேலையோடு, தெருவே பார்க்க. முழங்கையில் எலும்பு விலகிவிட்டது. நான் திரும்பிப் போனபோது கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கையால் எனக்கு மோர் நீட்டினாள். இந்த இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. சண்டையில்கூட. அவள் திட்டியிருந்தால் நான் அடுத்த மாதமே ஓட்டியிருப்பேன் என்று தோன்றுகிறது.

எனக்குப் பயம். விழுவதற்கு இல்லை. திரும்பிப் பார்க்கும்போது சீட்டு காலியாக இருக்குமே, அதற்கு.

செப்டம்பர் 1, வெள்ளி. மீட்டர்: 95.6

காலையில் இட்லித் துணியை நானே வேகவைத்தேன். கழுகு மூக்கு இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. இத்தனை நாள் அது என்ன பாவம் செய்தது. தைலம் போட்டுத் துடைத்தேன். வண்டியில் இப்போது ஒரு ஸ்டிக்கர் இல்லை. எனக்கும் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

வசந்தாமணி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வசந்தா, என்னால உன்ன வெச்சு ஓட்ட முடியாது" என்றேன்.

"தெரியுமுங்க. வண்டி வந்த அன்னிக்கே தெரியும். மாரப்பன வண்டிமேல உக்கார வெச்சுட்டு நீங்க பழத்தப் புடிச்சுட்டு நின்னீங்களே."

"செவ்வாக்கிழம உன்னப் பாத்தேன். பவானி ரோட்டுல."

"நானும் உங்களப் பாத்தனுங்க. அதனாலதான் ஹாரன் அடிச்சேன். சொல்லாம முந்திப் போனா நல்லா இருக்காதில்லீங்க."

பள்ளி மைதானத்தில் அருள்ஜோதி டீச்சர் சொல்லிக்கொடுத்தாராம். கல்யாணத்துக்கு முன்பே அப்பாவின் மொபெட்டில் தினமும் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றியவள் என்பதும் இன்றுதான் எனக்குத் தெரியும். நான் கேட்டதில்லை. எல்.எல்.ஆர். எடுத்துவைத்திருக்கிறாள். ஆகஸ்டில் ஒரு நாள் ரேஷன் கார்டு வேலை என்று பாஸ்போர்ட் போட்டோவோடு போனது அதற்குத்தான். மெழுகில் முத்திரை வைத்தது அவளுடைய மோதிரம்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்களே ஓட்டிட்டீங்கன்னா நான் பேசாம பின்னால உக்காந்துக்கலாம்னு இருந்தனுங்க. முடியாமப் போயிட்டா, கடேசி நாள்ல உங்க சகலைகிட்ட ஆள் கேக்கறாப்புல ஆயிரக்கூடாது பாருங்க." பிறகு, "அன்னிக்கு உழுந்தது வலிக்கலீங்க. அதுக்கப்பறம் நீங்க வண்டியத் தொடவே இல்ல, அதுதான் வலிச்சுது. நான் உழுந்ததுனாலதான் நீங்க பஸ்ஸுல நிக்கறீங்கன்னு நெனச்சுட்டே இருப்பேன்" என்றாள்.

நான் அழவில்லை. நீலகிரித் தைலம் கையில் இருந்தது, கண்ணில் பட்டுவிட்டது. இல்லை, அழுதேன்.

செப்டம்பர் 2, சனி. மீட்டர்: 97.0

சட்டத்தைப் படித்தேன். பழகுநர் ஓட்டும் இருசக்கர வண்டியில் பின்னால் சும்மா ஒருவர் உட்காரக்கூடாது. சொல்லிக்கொடுப்பவர், உரிமம் உள்ளவர் என்றால் உட்காரலாம். உரிமம் என்னிடம் இருக்கிறது. ஆகவே சட்டப்படி நான் பயிற்றுநர்.

வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். கடையில் வாங்கிவந்தேன். மட்கார்டைத் துடைத்து, ஸ்கேல் வைத்து அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, ஒரு காற்றுக் குமிழ் இல்லாமல் நானே ஒட்டினேன். ஒரு மாதம் உரித்த இடத்தில். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

"கோணலா இருக்குதா?" என்றேன்.

"நேராத்தானுங்க இருக்குது. உங்க வேலையில எது கோணலாயிருக்கு" என்றாள்.

செப்டம்பர் 3, ஞாயிறு. புறப்படும்போது மீட்டர்: 97.0

காலை நாலேமுக்காலுக்குக் கிளம்பினோம். அவள் சுடிதார், பட்டுச்சேலை பையில். பை என் மடியில். கிளச்சை மெதுவ்வாக விட்டாள். வண்டி குதிக்கவில்லை.

தெருமுனை தாண்டியதும் திரும்பாமலே, "இருக்கறீங்களா?" என்றாள்.

"இருக்கறேன்."

கரட்டடிபாளையம் வரும்போது மறுபடி, "இருக்கறீங்களா?" வாய்க்கால் பாலத்தில் ஒரு தடவை. வேகத்தடை ஒவ்வொன்றிலும் ஒரு தடவை. எண்ணிப் பார்த்தேன், சத்தி போய்ச் சேர்வதற்குள் பதினேழு தடவை கேட்டாள். பதினேழு தடவையும் இருந்தேன்.

சகலை வீட்டுத் தெரு திரும்பும் இடத்தில் வண்டியை ஓரம்கட்டினாள். "இங்கிருந்து நீங்க ஓட்டிட்டுப் போங்க. நான் நடந்து வந்தர்றேன். அவியெல்லாம் வாசல்ல நிப்பாங்க" என்றாள்.

நூறு மீட்டர்தான். காலி சீட்டோடு ஓட்ட என்னால் முடிந்திருக்கலாம்.

"நீயே போ" என்றேன். "நான் எறங்க மாட்டேன்."

வாசலில் பந்தலுக்குக் கீழே முப்பது பேர். சகலை கையில் பன்னீர்ச் செம்பு. வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "என்னுங்ணா இது, அக்கா ஓட்டறாங்க! நீங்க கூட்டியாரேன்னு சொன்னீங்களே!"

"எல் போர்டு பாருங்க மாப்பிள்ளை" என்றேன். "சட்டப்படி நான்தான் பயிற்றுநர்."

எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் சிரித்தேன். சகலை டேங்க்கைத் தடவிப் பார்த்து, "என்ர கழுகு எங்கீங்க?" என்றார். பறந்துவிட்டது என்றேன்.

மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பினோம். வழியில் எடைக்கல் பிழை அனுமதியைப் பற்றி, 1997இல் விட்ட இடத்திலிருந்து சொன்னேன். "ம்" கொட்டிக்கொண்டே ஓட்டினாள்.

வீடு வந்ததும் மீட்டர்: 147.4. இரண்டு பேர் போனோம். இரண்டு பேர் வந்தோம்.